டெலிபோனைத் தட்டிப் பேசிய காலம்

யுத்தம் முடிந்த பிறகு எங்கள் கடற்கரை ஆபீசுக்கு டெலிபோன் வந்தது. எல்லோரும் போய்த் தொட்டுப் பார்த்தார்கள். ஹெட்கிளார்க் தம் கைக்குட்டையாலேயே அதைத் துடைத்தார். நான் மட்டும் கொடிமரத்துக் கயிற்றைச் சரிசெய்கிறவனைப் போல வெளியே நின்றேன். எனக்குத் திக்குவாய்.

தூத்துக்குடியில் கரையோரம் ஆழம் போதாது. கப்பல்கள் தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும். தோணிகள் போய்ச் சரக்கை ஏற்றி இறக்கும். எந்தக் கப்பல் வந்திருக்கிறது, எத்தனை தோணி கேட்கிறது என்பதைக் கொடிகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, ஊருக்குள் இருக்கும் பெரிய ஆபீசுக்குத் தந்தியில் அடிப்பது என் வேலை. எட்டாவது வரைதான் படித்தவன். தந்தி அடிக்க ரயில்வேயில் பழகினேன்.

வாயைத் திறந்தால் எனக்குக் ககரமும் பகரமும் பகையாளிகள். 'க' என்று நான் நின்றுவிட்டால் எதிரில் இருப்பவர்கள் பொறுக்க மாட்டார்கள். கருப்பட்டியா, கருவாடா, கல்யாணமா என்று ஆளுக்கொன்றாக எடுத்துக் கொடுப்பார்கள். அவர்கள் கொடுத்ததில் ஏதாவது ஒன்றுக்குத் தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன். கறிவேப்பிலை வாங்கப் போய்க் கருப்பட்டியோடு வீடு திரும்பியதுண்டு. என் மனைவி அதை வாங்கி அடுக்களைக்குள் எடுத்துப் போய் வைத்துவிடுவாள். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

தந்தி தட்டும் சாவியில் விரல் வைத்துவிட்டால் நான் வேறு ஆள். விரல் திக்காது. பெரிய ஆபீசில் மறுமுனையில் இருந்தவர் சாத்தான்குளத்துக்காரர், கடைக்காரக் குடும்பத்தில் வந்தவர். பல வருஷம் நாங்கள் இருவரும் கம்பி வழியே பேசினோம். ஆபீஸ் சமாச்சாரம் முடிந்ததும் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்துக்கொள்வோம். அவர் மாமியார் வந்திருக்கும் நாட்களில் அவர் கை கனமாக விழும். நான் அதைக் கேட்டே கண்டுபிடித்துக் கேலி செய்வேன். ஒருநாள் அவர், "உமக்கு வாய் ஜாஸ்தி அண்ணாச்சி" என்று அடித்தார். தனியாக உட்கார்ந்து சிரித்தேன். உடனே முகம் சுட்டது. இரவல் சட்டை போட்டுக்கொண்டு போன இடத்தில் சட்டை நன்றாயிருக்கிறது என்று ஒருவர் சொன்னது போல இருந்தது. அவர் ஓரிரு முறை கடற்கரைக்கு வந்தபோதும் பல்லைக் காட்டிவிட்டு நழுவியிருக்கிறேன். என் வாய் அவருக்குத் தெரியவே தெரியாது.

அந்தத் தந்தியை நான் வளர்த்தேன் என்றே சொல்ல வேண்டும். உப்புக் காற்றில் சாவியின் முனைகள் பச்சை பூத்துவிடும், தினமும் துடைத்துவிடுவேன். பேட்டரி ஜாடிகளுக்கு உப்புத் தண்ணீர் ஆகாது என்பதால், வீட்டில் குடிக்க வைத்திருக்கும் ஆற்றுத் தண்ணீரைச் செம்பில் கொண்டுவருவேன். பேட்டரிக்கு ஆற்றுத் தண்ணீர், பெண்டாட்டிக்குக் கிணற்றுத் தண்ணீரா என்று தோணிக்காரர்கள் கேட்பார்கள். காற்றுக் காலத்தில் தந்தியின் டிக்டிக் சத்தம் காதில் விழாது. சங்குக் குடோன் பக்கம் உடைந்து கிடந்த ஒரு பெரிய சங்கை எடுத்து வந்து கருவிக்குப் பின்னால் கவிழ்த்து வைத்துப் பார்த்தேன். சத்தம் இரட்டிப்பாகக் கேட்டது. அன்று ராஜாவைப் போல உட்கார்ந்திருந்தேன்.

இன்னொன்று உண்டு. கம்பியின் ஒரு முனையைச் செப்புத் தகட்டில் கட்டி மணலில் புதைத்திருந்தார்கள். மணல் காய்ந்தால் தந்தி சோர்ந்துபோகும். அதனால் காலையில் வந்ததும் ஒரு வாளி கடல்தண்ணீரை அந்த இடத்தில் ஊற்றுவேன். ஊற்றும்போது யாராவது பார்க்கிறார்களோ என்று கூச்சத்தில் தலையைக் குனிந்துகொள்வேன். அந்தக் குனிவைப் பார்த்து மீன்காரப் பெண்கள் என்ன நினைத்தார்களோ, ஒரு வெள்ளிக்கிழமை அங்கே இரண்டு மெழுகுதிரிகள் எரிந்துகொண்டிருந்தன. எந்தப் புனிதருக்கு அண்ணாச்சி என்று ஒருத்தி கேட்டாள். விளக்கிச் சொல்லக் கம்பி, பேட்டரி என்று ககரத்தையும் பகரத்தையும் தாண்ட வேண்டும். மேலே வானத்தைக் காட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அதன் பிறகு மெழுகுதிரி ஏற்றுவது நிற்கவே இல்லை.

இந்தத் தந்தியைத்தான் கழற்றினார்கள். இனி எல்லாம் டெலிபோனில்தான், பேச முடியாதவருக்குச் சங்குக் குடோனில் இடமிருக்கிறது என்று ஹெட்கிளார்க் சொன்னார். அவர் ஆற்றங்கரை ஊர்க்காரர், கெட்டவர் அல்ல. என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துத்தான் சொன்னார். குடோனுக்குப் போனால் சம்பளம் குறையும். அதைவிட, நான் வாய்விட்டுப் பேசும் ஒரே இடம் போய்விடும். உடைந்த சங்கை வீட்டுக்கு எடுத்துப் போனேன். மனைவி அதில் சோப்பு வைத்தாள்.

முதல் நாள் ஹெட்கிளார்க் பக்கத்திலேயே நின்றார். கேட்கும் குழலைக் காதில் வைத்தேன். மறுமுனையில் "ஹலோ, ஹலோ" என்றார் சாத்தான்குளத்துக்காரர். அவர் குரலை அவ்வளவு கிட்டத்தில் நான் கேட்டதில்லை, மெலிந்த குரல். கப்பல் என்று ஆரம்பிக்க வேண்டும். நான் 'க'வில் நின்றேன். என் விரல், நான் சொல்லாமலேயே, பேசும் குழாயின் மூடியில் தட்ட ஆரம்பித்தது. நகம் படும் சத்தத்தைத் தந்தியைப் போல நெருக்கியும் இடைவிட்டும் தட்டினேன். மறுமுனையில் பேச்சு நின்றது. பிறகு நான் தட்டியதை அவர் ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொன்னார்: கப்பல் ஒன்று, தோணி இத்தனை, பருத்தி. அவருக்கு என் கை தெரியும். அந்த நிமிஷத்தில் என் வாயும் தெரிந்துபோயிற்று.

ஹெட்கிளார்க், "என்னவே தட்டுதீரு?" என்று கேட்டார்.

குழாய்க்குள் கரித்தூள் இருக்கிறது, கடல் ஈரத்தில் கட்டியாகிவிடும், தட்டினால்தான் உதிரும் என்று கையாலும் வாயாலும் புரியவைத்தேன். அப்படிக் கட்டியாவது உண்மைதான். டெலிபோன் மாட்ட வந்தவர்கள் சொல்லிக் கேட்டிருந்தேன். எங்கள் குழாயில் கட்டியாகிவிட்டது என்றதுதான் பொய். நாளாக நாளாக ஹெட்கிளார்க்கும் பேசுவதற்கு முன்னால் இரண்டு தட்டுத் தட்டிக்கொள்ளப் பழகினார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசும்.

தட்டும்போது குழாயில் வாயை ஒட்டி உதட்டையும் அசைப்பேன்; மெதுவாகப் பேசுகிறேன் என்று ஹெட்கிளார்க் நினைத்துக்கொண்டார். இப்படிச் சில மாதங்கள் ஓடின. மறுமுனைக்காரர் ஏன் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. கேலியையும் நிறுத்திவிட்டார். என் வாயைத் தெரிந்துகொண்டதால் மதிப்புப் போய்விட்டது என்று எண்ணிக் குமைந்தேன். அவரைச் சுற்றி ஆபீஸ் முழுக்க ஆட்கள் இருப்பார்கள், மாமியார் சங்கதியை அங்கே எப்படி வாய்விட்டுச் சொல்வார் என்று எனக்கு வெகு நாளைக்குப் பிறகே தோன்றியது. டெலிபோன் அவர் வாயையும்தான் கட்டியிருந்தது.

ஹெட்கிளார்க் சும்மா இருக்கவில்லை. டெலிபோன் சரியில்லை, தினம் தட்ட வேண்டியிருக்கிறது என்று மேலே தெரிவித்துவிட்டார். திருநெல்வேலியிலிருந்து ரிப்பேர்காரர் ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூடியைத் திருகி எடுத்தார். கரித்தூள் டப்பியைக் காதருகே வைத்துக் குலுக்கினார். கம்பியை ஒவ்வோர் இடமாகத் தொட்டுப் பார்த்தார். வெயிலில் போய்க் கம்பத்தில் ஏறினார். நல்ல டெலிபோனில் இல்லாத கோளாறை ஒரு மனிதர் வேர்க்க விறுவிறுக்கத் தேடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இறங்கி வந்தவருக்கு மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். நன்றி அண்ணாச்சி என்றார். அந்த வார்த்தை இன்னும் குத்துகிறது.

"சுக்கு மாதிரி காஞ்சுல்லா கெடக்கு தூளு" என்றார் ஹெட்கிளார்க்கிடம். "யாரு பேசுதது? பேசச் சொல்லுங்க, பாப்போம்."

டப்பியை மாட்டி, மூடியில்லாத குழாயைத் தன் உள்ளங்கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டார். தட்ட இடமில்லை. இன்னொரு கேட்கும் குழலைக் கம்பியில் இணைத்துத் தன் காதிலும் வைத்துக்கொண்டார். ஹெட்கிளார்க் கையைக் கட்டி நின்றார். வாசலில் தோணிக்காரர்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். அண்ணாச்சி பேசி முடிப்பதற்குள் கப்பல் கொழும்பு போய்விடும் என்று ஒருவன் மற்றவனிடம் சொன்னது காதில் விழுந்தது.

பிழைப்பு போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். ஓடிவிடலாம் என்று பார்த்தால் வாசலில் அவர்கள் நின்றார்கள். வாயைத் திறந்தேன். 'க' வந்தது. மறுபடியும் 'க' வந்தது. கழுத்து நரம்பு புடைப்பது எனக்கே தெரிந்தது. ரிப்பேர்காரர் என் முகத்தை விட்டுக் கண்ணை எடுத்துத் தரையைப் பார்த்தார். ஹெட்கிளார்க்கின் உதடு அசைந்தது; அவரும் எடுத்துக் கொடுக்கப் போகிறார். மறுமுனையில் இருந்தவருக்கு நான் சொல்ல வந்த வார்த்தை தெரியும். தினமும் அதே வார்த்தையில்தான் ஆரம்பிப்போம். அவர் எடுத்துக் கொடுக்கவில்லை. கம்பியின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அந்த மெலிந்த குரல் வந்தது.

"கேக்குது அண்ணாச்சி. மெதுவாச் சொல்லும். கப்பலு எங்கன போயிரப் போவுது?"

வாசலில் நடந்த பேச்சு அவருக்குக் கேட்டிருக்க வழியில்லை. கப்பல் என்று சொன்னேன். அதற்குப் பிறகும் இரண்டு இடத்தில் நின்றேன். பருத்தியில் வெகு நேரம் நின்றேன். அவர் காத்திருந்தார். முழுதும் சொல்லி முடித்தபோது என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

ரிப்பேர்காரர் மூடியைத் திருகினார். மிஷின்ல ஒண்ணுமில்ல சார் என்று ஹெட்கிளார்க்கிடம் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனார். கோளாறு எங்கே இருக்கிறது என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஹெட்கிளார்க் நாற்காலியில் உட்கார்ந்து வெகு நேரம் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். குடோன் என்று சொல்லப் போகிறார் என்று காத்து நின்றேன்.

"நாளைக்கும் நீரே பேசும்" என்றார், தலையைத் தூக்காமல்.

அதன் பிறகு அவர் குழாயைத் தட்டியதில்லை. நானும் தட்டியதில்லை. ஆனால் நான் போனை எடுத்தால் அவர் எழுந்து வெளியே போய்விடுகிறார். மரியாதைக்குப் போகிறாரா, சகிக்காமல் போகிறாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கும் தைரியமும் இல்லை. அவர் செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டும்போது காது சூடாகிறது. மறுமுனையில் இருப்பவர் காத்திருக்கிறார். 'க'வில் நிற்கும்போது நான் ஜன்னல் வழியே கப்பலைப் பார்த்துக்கொள்கிறேன். அது அங்கேயேதான் நிற்கிறது.