குழாயோடு இருந்தவருக்கு ஒரு துணுக்கு அப்பம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பெங்களூரில் வெயில் ஏறத் தொடங்கியிருந்த பங்குனி மாதம். அல்சூரை ஒட்டிய மர்பி டவுனில் ஒரு வீட்டுக்கு வாரத்தில் சில நாள் போய்க்கொண்டிருந்தேன். பக்கவாதம் வந்தவர்களுக்குப் பேசவும் விழுங்கவும் மறுபடி பழக்கிவிடுவது என் வேலை. விழுங்குவதற்கெல்லாமா பயிற்சி என்று திருப்பத்தூரில் இருக்கும் என் அம்மாவே சிரிப்பார். தொண்டை செயலிழந்தவருக்கு ஒரு வாய்த் தண்ணீர் வழி தவறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

பக்கவாதம் வந்திருந்த அந்த வீட்டுக்காரருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்தவர். மூக்கில் போட்டிருந்த குழாய் வழியாகத்தான் கஞ்சியும் ஜூஸும் போய்க்கொண்டிருந்தன. நான் சொல்லும் எதையும் செய்ய மாட்டார். நாக்கை நீட்டுங்கள் என்றால் கண்ணை மூடிக்கொள்வார். காபியைக் கொண்டுவந்து வாசனை காட்டினேன். மாம்பழத்தைக் கூழாக்கி உதட்டில் தடவினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். பணம் வாங்கிக்கொண்டு ஒன்றும் செய்யாமல் திரும்புகிறோமே என்று எனக்கே கூச்சமாகிவிட்டது. இனி வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவர் மனைவியிடம் சொல்லிவிடலாம் என்றுதான் ஒருநாள் போனேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா முந்திக்கொண்டார்.

"மேடம், ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே? இவருக்கு சாப்பாட்டு மேல ஆசையே போயிடுச்சு. நற்கருணை எடுக்கணும்னு மட்டுந்தான் கேக்குறாரு. நாளைக்கு எங்க ஐயரு வர்றாரு, நீங்க ஒரு வார்த்தை பேசிப் பாருங்க."

ஐயர் என்றதும் நான் குழம்பிப்போனேன். அவர்கள் லுத்தரன் சபையைச் சேர்ந்தவர்கள் என்றும், போதகரைத்தான் அப்படிச் சொல்கிறார் என்றும் பிறகுதான் புரிந்தது. நற்கருணை என்பது, அவர்கள் கோயில் என்று சொல்லும் சர்ச்சில் பீடத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று, மெல்லிய வட்ட அப்பத்தையும் ஒரு மடக்கு திராட்சரசத்தையும் வாங்குவார்களாம். "எங்களுக்கு அது சும்மா ஒரு அடையாளம் இல்ல மேடம். அதுல ஆண்டவரே வர்றாருன்னு நம்புறோம்" என்றார். சுவாமி பிரசாதம் மாதிரியா என்று கேட்க வந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் கேட்கத் தோன்றவில்லை.

முடியாது என்றுதான் சொன்னேன். காய்ந்த அப்பம் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ரசமோ தண்ணீர் போல ஓடும். இரண்டுமே அவருக்கு ஆகாது. கட்டிலில் படுத்திருந்தவர் நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போனது.

மறுநாள் வந்த போதகருக்கு என் வயதுதான் இருக்கும். வாங்க முடியாவிட்டாலும் ஆண்டவர் உங்களோடுதான் இருக்கிறார் என்று ஏற்கெனவே பலமுறை கட்டிலில் இருந்தவரிடம் சொல்லியிருக்கிறாராம். அவரோ கேட்டுவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொள்வாராம். எங்களிடம் தண்ணீரைக் கெட்டியாக்கும் ஒரு பவுடர் உண்டு. ரசத்தில் அதைக் கலந்து கொடுத்துப் பார்க்கலாம் என்றேன். போதகர் தயக்கத்தோடு கேட்டார்.

"வேற எதையும் கலக்காம குடுக்க வழி இருக்கான்னு முதல்ல பார்க்கலாமா மேடம்? நீங்க ஆகாதுன்னு சொன்னா நான் குடுக்க மாட்டேன். அவரு உயிரு முக்கியம்."

உயிர் போகிற விஷயத்தில் இவ்வளவு பார்க்க வேண்டுமா என்று எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் பிடிவாதமாகக் கேட்கவில்லை. பையிலிருந்து சில அப்பங்களை எடுத்துக் கொடுத்தார். இன்னும் ஜெபித்துப் பிரதிஷ்டை செய்யாதவை, பழகிப் பார்க்கலாம் என்றார். சமையலறையில் நானும் அந்த அம்மாவும் ஒரு துணுக்கைக் கிள்ளி, கரண்டியில் சில சொட்டு திராட்சை ஜூஸ் விட்டு ஊறவைத்தோம். சற்று நேரத்தில் அப்பமே ரசத்தை உறிஞ்சிக்கொண்டு மெத்தென்ற பசையாகிவிட்டது. அவர் தொண்டைக்கு வேண்டிய பதம் அதேதான். பவுடருக்கு வேலையே இல்லை.

அவருடைய டாக்டருக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் பழக்கிப் பாருங்கள், சரியாக வந்தால் மட்டும் கொடுங்கள், தொண்டையில் சிக்கியதை உறிஞ்சி எடுக்கும் மெஷின் பக்கத்தில் இருக்கட்டும் என்றார்.

அதன்பிறகு நடந்ததுதான் எனக்கு ஆச்சரியம். ஈஸ்டருக்கு முன்பு வரும் பெரிய வியாழனன்று வாங்கலாம் என்று சொன்னதும் அந்த மனிதர் எழுந்து உட்காரப் பார்த்தார். நாக்கை மேலே தூக்குங்கள் என்றால் நெற்றி வியர்க்கும்வரை தூக்குவார். நான் போதும் என்றாலும், இன்னொரு தடவை என்று விரலைக் காட்டுவார். ஜூஸில் ஊறிய துணுக்கை முதல் நாள் இருமித் துப்பினார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. மீந்த துணுக்குகளை நான் சமையலறைக் குப்பைக்கூடையில் போட்டுவிடுவேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பெரிய வியாழன் காலையில் போனபோது அவருக்குச் சவரம் செய்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை மாட்டி, தலையணைகளை அண்டக்கொடுத்து உட்காரவைத்திருந்தார்கள். ஸ்டூலின் மேல் வெள்ளைத் துணி, ஒரு சிலுவை, எரியும் மெழுகுவத்தி. அந்த அம்மா சேலைத் தலைப்பால் முக்காடு போட்டிருந்தார். கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கத்தான் இடம். போதகர் அந்த இடுக்கிலும் முழு அங்கி அணிந்து, பெரிய கோயிலில் நிற்பவரைப் போல நின்றார். பாவ அறிக்கையை ஒவ்வொரு வரியாகச் சொல்லி, அவர் உதடு அசைந்து முடியும்வரை காத்திருந்து, அடுத்த வரிக்குப் போனார்.

அப்பத்தைப் பிட்டபோது ஒரு துகள், மார்பில் விரித்திருந்த துண்டின் மேல் விழுந்தது. போதகர் நிறுத்திவிட்டார். குனிந்து, விரல் நுனியால் அதைத் தேடி எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார். அந்த அறையில் யாருக்கும் அது வேடிக்கையாகத் தெரியவில்லை. போன வாரம் வரை நான் குப்பையில் போட்டதும் இதே அப்பம்தானே என்று நினைத்தேன். ஆனாலும் இது அது இல்லை என்று, அந்த நம்பிக்கை இல்லாத எனக்கே தோன்றியது. நான் துப்பட்டாவை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன்.

கிறிஸ்துவின் உடலும் இரத்தமும் உங்களுக்காகக் கொடுக்கப்பட்டன என்று அவரைப் பெயர் சொல்லி அழைத்துச் சொன்னார் போதகர். ரசத்தில் ஊறிய துணுக்கோடு கரண்டி நாக்கைத் தொட்டது. வாய் மூடியது. என் விரல்கள் அவர் தொண்டையின் மேல் இருந்தன.

ஒன்றும் நடக்கவில்லை. தெருவில் ஒரு காய்கறி வண்டியின் ஒலிபெருக்கி கன்னடத்தில் தக்காளி விலையைக் கூவிக்கொண்டு போய் மறைந்தது. என் இன்னொரு கை மெஷினின் சுவிட்சுக்குப் போய்விட்டது. போதகர் தலை குனிந்து அப்படியே நின்றிருந்தார். சீக்கிரம் என்றோ விழுங்குங்கள் என்றோ ஒரு வார்த்தை இல்லை. அந்த நிதானத்தைப் பார்த்துத்தான் நானும் பொறுத்தேன். பிறகு என் விரலுக்கு அடியில் தொண்டை மேலே ஏறி, முழுசாக இறங்கியது.

வழி தவறிப் போயிருந்தால் குரலில் கொழகொழப்பு தெரியும். அதைப் பார்த்தாக வேண்டும்.

"சார், ஆன்னு சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

"ஆ...மென்."

நாக்கு குழறியதே தவிர, குரல் சுத்தமாக இருந்தது. அந்த அம்மா முக்காட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். ஸ்டெதாஸ்கோப்பை வைத்து அவர் மூச்சைக் கேட்க வேண்டும். கண்ணீர் மறைத்ததில் அதைக் காதில் மாட்டவே எனக்கு நேரம் பிடித்தது. போதகர் கரண்டியையும் கிண்ணத்தையும் தண்ணீர் விட்டு அலசி, அந்தத் தண்ணீரையும் குடித்துவிட்டுத்தான் ஜெபத்தை முடித்தார்.

அதன்பிறகு அவர் பயிற்சியை விடவே இல்லை. கூழ், குழைந்த சாதம், ஊறிய இட்லி என்று ஏறி, மழைக்காலம் முடிவதற்குள் மூக்குக் குழாயை எடுத்தாயிற்று. இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்கே போய் வருகிறார்.

முன்பெல்லாம் புதிதாக வருகிறவர்களிடம், என்ன சாப்பிடப் பிடிக்கும் என்றுதான் கேட்பேன். இப்போது எதற்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்கிறேன். கரண்டியை நீட்டிவிட்டு அவசரப்படுத்துவதில்லை. ஒரு மனிதர் தன் கடவுளை உள்ளே வாங்கிக்கொண்ட அந்த நிமிடத்தில், அவர்கள் சாமியைக் கும்பிடாத என்னை விலகி நிற்கச் சொல்லாமல், அவர் தொண்டையில் கை வைத்து நிற்க இடம் கொடுத்தார்களே, அந்த வீட்டுக்கு நான் எப்படி நன்றி சொல்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.