அறிவுச்செல்வியின் ஒரிஜினல்கள்

சேவுகம்பட்டி கருப்பணன் மகள் அறிவுச்செல்வி திண்டுக்கல்லில் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே பத்தாம் வகுப்பிலிருந்து எம்.சி.ஏ. வரைக்கும் தன் சான்றிதழ் அத்தனையையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முதலாளி கையில் கொடுத்துவிட்டாள். கொடுக்காவிட்டால் வேலை இல்லை. மூன்று வருடம் விட்டுப் போகமாட்டேன் என்று கையெழுத்து வாங்குவார்கள். கையெழுத்தை நம்பாமல் ஒரிஜினலையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். "மாட்ட வாங்குனா மூக்கணாங்கயித்தையும் சேத்துத்தான வாங்குறோம்" என்று கருப்பணன் வேறு சமாதானம் சொன்னார். மகளைத்தான் மாடாக்கிவிட்டோம் என்பது அந்த மனுசனுக்கு உறைக்கவே இல்லை.

முதலாளி பெயர் முத்துக்கிருஷ்ணன். நாகல் நகரில் ஒரு மருந்துக்கடை மாடியில் மூன்று அறை, அதுதான் கம்பெனி. எந்த எந்திரத்தில் எத்தனை தடவை நூல் அறுந்தது என்று எண்ணித் திரையில் காட்டும் கருவியை நூல் மில்களுக்குச் செய்து கொடுப்பார்கள். எண்ணிக்கை கம்ப்யூட்டரின் நினைவகத்தில் எங்கே உட்காரவேண்டும், எப்படி எழுந்திருக்கவேண்டும் என்கிற அடிப்பகுதி முழுக்க அறிவுச்செல்வி எழுதியது. வேறு யாருக்கும் அதற்குள் எட்டிப் பார்க்கக்கூடத் தெரியாது. கெட்டிக்காரி என்று பெயர் வாங்கினாள். அந்தப் பெயரே வினையாகப் போயிற்று.

2002 ஜூனில் மூன்று வருடம் முடிந்தது. சான்றிதழைக் கேட்டாள்.

"வேடசந்தூர் மில்லு சிஸ்டம் நின்னு நின்னு போகுதேம்மா. அது ஒழுங்கா ஓடட்டும், வாங்கிட்டுப் போயிரு" என்றார் முத்துக்கிருஷ்ணன். ஒரிஜினல்கள் பீரோவில் இருப்பதாகப் பேச்சு. அதன் சாவி எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கும். பேசும்போது கை தானாக அங்கே போகும்.

ஆடி போய் ஆவணி வந்தது, தீபாவளி வந்தது, பொங்கலும் போயிற்று. மாசியில் ஒரு பாலிடெக்னிக்கிலிருந்து கடிதம். விரிவுரையாளர் வேலை, பதினைந்து நாளுக்குள் ஒரிஜினல்களோடு வந்து சேரவும். மூன்று தடவை நேர்முகத்துக்குப் போய்க் கிடைத்த வேலை அது. இதை விட்டால் இன்னொரு தடவை கூப்பிட ஆளில்லை. கடிதத்தை அவர் மேசையில் வைத்தாள்.

அவர் இரண்டு தடவை படித்தார். "ஒரு வாரம். மில்லு ஒரே ஒரு வாரம் நிக்காம ஓடட்டும். நானே பீரோவத் தொறந்து எடுத்துத் தாரேன்" என்றார்.

மறுநாள் காலையிலேயே மில் பஸ்ஸில் ஏறி வேடசந்தூர் போனாள். கேட்டில் பெயர் எழுதி உள்ளே போனால் ஷிப்ட் முடிகிற வரைக்கும் வெளியே வர முடியாது. கண்ணாடித் தடுப்புக்குள் கம்ப்யூட்டர். சுற்றிலும் எந்திரங்களின் இரைச்சல், காற்றெல்லாம் பஞ்சு. இரண்டு நாளைக்கு ஒரு தடவை அந்தக் கம்ப்யூட்டர் கண்டபடி எண்களைக் காட்டிவிட்டுக் கல்லாகச் சமைந்துவிடும். அந்த எண்ணை நம்பி, ஏழாம் எந்திரத்தில் நிற்கும் அய்யம்மாளுக்கு இரண்டு மெமோ கொடுத்திருந்தார்கள். மூன்றாவது மெமோ வந்தால் வீட்டுக்குத்தான்.

"மேடம், நான் கண்ணு இமைக்காம நிக்கிறேன். மணிக்கு நூறு தடவ நூலு அறுந்துச்சாம்ல? ஒங்க பொட்டி பொய் சொல்லுதுன்னு நீங்களாச்சும் மேனேசருட்டச் சொல்லுங்க" என்றாள் அய்யம்மாள்.

பொய் சொல்வது பெட்டியா, அதற்குள் தான் எழுதியதா என்று அறிவுச்செல்விக்கே தெரியவில்லை.

மூன்று நாள் எழுதியதையே திரும்பத் திரும்பப் படித்தாள். கரண்டைச் சந்தேகப்பட்டாள், எந்திரங்களிலிருந்து எண்ணிக்கையை வாங்கும் கார்டைக் கழற்றி மாட்டினாள். ஒன்று மட்டும் பிடிபட்டது: நின்றதெல்லாம் பிற்பகல் மூன்று மணி ஷிப்ட் மாறிய பிறகு. மூன்று மணிக்கு அதே கம்ப்யூட்டர் ஷிப்ட் அறிக்கையை அச்சடிக்கும். அந்த அறிக்கையை நிறுத்திவிட்டால் ஒரு வாரம் என்ன, ஒரு மாதம்கூட ஓடும். சான்றிதழை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டலாம். பிறகு எவனாவது அறிக்கையைத் திரும்ப ஓட்டுவான். அய்யம்மாளுக்கு மூன்றாவது மெமோ வரும். நினைக்கவே அவளுக்குக் கூசியது.

நான்காம் நாள் மூன்று மணி. சங்கு ஊதியது. வேலை முடிந்த சின்னப்பெண் ஒருத்தி தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு, "அக்கா, நான் போறேன்" என்றாள்.

அய்யம்மாளுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "அடியே, போறேன்னு சொல்லாத! என்ன பேச்சு இது, வாயக் கழுவு. போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போ."

அந்தப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டு, "போயிட்டு வாரேங்க்கா" என்று திருத்திச் சொல்லிவிட்டு ஓடினாள்.

நம் ஊரில் தினம் நடக்கிற ஏச்சுத்தான். ஆனால் அறிவுச்செல்வி எழுந்து நின்றுவிட்டாள்.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டர் தன் நினைவகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்து வைத்திருக்கும். ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு பட்டியல் உண்டு. எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்று அதில் ஒரு பதிவு. பதிவில் ஒரு சின்ன அடையாளம், பக்கம் "இருக்கிறது" அல்லது "இல்லை" என்று சொல்லும். அடையாளம் "இல்லை" என்றால் அந்த இடம் காலி என்று முடிவு கட்டி, கார்டிலிருந்து வரும் பக்கத்தை அங்கே உட்கார வைத்துவிடும் அவளுடைய நிரல். பதிவு முழுக்கச் சூனியமாக இருந்தால் அது நியாயம். அங்கே ஆளே கிடையாது. ஆனால் நினைவகம் போதாதபோது கம்ப்யூட்டர் சில பக்கங்களை ஹார்ட் டிஸ்க்குக்கு அனுப்பிவைக்கும். அப்போதும் அடையாளம் "இல்லை" என்றுதான் காட்டும். பதிவின் மீதிப் பகுதியில் மட்டும், டிஸ்க்கில் எந்த இடத்தில் இருக்கிறேன் என்று எழுதியிருக்கும். போய்விட்ட பக்கம் இல்லை அது, போயிட்டு வாரேன் என்று சொல்லிப்போன பக்கம். வெளியே போனவன் பாயைச் சுருட்டி வேறொருவனுக்கு விரித்துக் கொடுத்திருக்கிறாள் இவள். போனவன் திரும்பி வர வழியே இல்லாமல் விலாசத்தையும் அழித்துவிட்டாள்.

நாகல் நகர் அலுவலகத்துக் கம்ப்யூட்டரில் நினைவகம் தாராளம். எந்தப் பக்கமும் வெளியே போனதில்லை, தப்பும் தெரியவில்லை. இங்கே மூன்று மணி அறிக்கை நெருக்கித் தள்ளியதும் சந்தி சிரித்துவிட்டது.

திருத்தம் பத்து வரிகூட இல்லை. பதிவைப் பார்க்கும் முன்பே, வேறெதுவும் அதைத் தொடாதபடி நிரலில் பூட்டைப் போட்டாள். முழுக்கச் சூனியமா என்று கேட்டாள். இல்லையென்றால் தொடாமல் விட்டு வேறு இடம் தேடினாள். எழுதி முடித்த பிறகுதான் பூட்டைத் திறந்தாள். பார்க்கும்போது ஒன்றாக இருந்தது எழுதுவதற்குள் மாறிவிடக் கூடாதல்லவா. பிறகு ஒரு வெள்ளைத்தாளில், தப்பு என்னுடையது, ஏழாம் எந்திரத்து எண்ணிக்கை பொய், இரண்டு மெமோவையும் ரத்து செய்யவேண்டும் என்று எழுதி மேனேஜரிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

முத்துக்கிருஷ்ணன் தலையில் கைவைத்துக்கொண்டார். "எதுக்கும்மா எழுதிக் குடுத்த? கரண்டு மேல பழியப் போட்ருக்கலாம்ல?"

கம்ப்யூட்டர் எட்டு நாள் நிற்காமல் ஓடியது. தினமும் மூன்று மணிக்கு அறிக்கை, தினமும் சரியான எண். மெமோ இரண்டும் கிழிபட்டன. பாலிடெக்னிக் கெடுவுக்கு இரண்டு நாள் மிச்சமிருக்க, அறிவுச்செல்வி முதலாளி முன்னால் போய் நின்றாள்.

"எட்டு நாளு ஆச்சு சார்."

அவர் கை சட்டைப்பைக்குப் போனது, வெளியே வரவில்லை. "ஒரு மாசம் பாப்போம்மா" என்றார்.

"ஒரு வாரம்னுதான் சார் சொன்னீங்க. பீரோவத் தொறங்க."

அவள் கையை நீட்டியபடியே நின்றாள். அவர் சாவியை எடுத்து அவளிடமே கொடுத்துவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பீரோவில் பழைய கார்டுகள், ஒயர்ச் சுருள், ஒரு பிள்ளையார் படம் இருந்தன. பிளாஸ்டிக் பை இல்லை. மேல்தட்டு, கீழ்த்தட்டு, லாக்கர் எல்லாம் பார்த்தாள்.

"மொதல்ல பழைய மர அலமாரில வச்சிருந்தேன்" என்றார் அவர், திரும்பாமலே. "மழைக்கு ஓதமேறி அம்புட்டும் கரையான் அரிச்சுப் போச்சு. ரெண்டாயிரத்தொண்ணுல. எப்புடிம்மா சொல்றது ஒங்கிட்ட?"

"ரெண்டாயிரத்தொண்ணுலயா?" அவள் பீரோக் கதவை விட்டுத் திரும்பினாள். "அப்ப எத வச்சு சார் என்னைய இம்புட்டு நாளு புடிச்சு வச்சிருந்தீங்க?"

"நீ போயிட்டா மில்ல யாரு பாக்குறது?"

ஒளிவு மறைவில்லாத பதில்தான். அடித்திருந்தால்கூட அவளுக்கு அப்படி வலித்திருக்காது. வெறும் பீரோவுக்குப் பயந்து, அதன் முன்னால் ஒரு வருடத்துக்கும் மேல் கைகட்டி நின்றிருக்கிறாள். திறந்து காட்டுங்கள் என்று ஒருநாள் கேட்டிருந்தால் போதும். அவர்மேல் வந்த ஆத்திரத்தில் பாதி, கேட்கவில்லையே என்று தன்மேலும் வந்தது.

சாவியை மேசையில் வைத்துவிட்டு இறங்கினாள். கீழே எஸ்.டி.டி. பூத்திலிருந்து பாலிடெக்னிக்குக்குப் போன் போட்டாள். நகல் வாங்க ஆறு மாசம் ஆகுமாம், கொஞ்சம் பொறுப்பீர்களா என்று கேட்டாள். "ஒரிஜினல் இல்லாம சேக்க முடியாதும்மா. அடுத்தவங்கள கூப்புட்டுருவோம்" என்றது மறுமுனை.

நகலுக்கு மனுப்போட முதலில் போலீசில் எழுதிக் கொடுத்துச் சான்று வாங்கவேண்டும். ஸ்டேஷனில் இருந்த ஏட்டு கார்பன் தாளை வைத்து எழுதத் தொடங்கினார். பெயர் கேட்டார், ஊர் கேட்டார், எத்தனை சான்றிதழ் என்று கேட்டார்.

"எங்க தொலஞ்சுச்சு?"

"நாகல் நகர்ல, வேலை பாக்குற எடத்துல."

"எப்ப தொலஞ்சுச்சு? தேதி போடணும்மா."

கரையான் அரித்த தேதி யாருக்குத் தெரியும்? அறிவுச்செல்வி கொஞ்சம் யோசித்தாள்.

"பதினாலு ஆறு தொண்ணூத்தொம்பது" என்றாள்.

ஏட்டு நிமிர்ந்து பார்த்தார். "நாலு வருசம் ஆகப்போகுது. தேதி நல்லா ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார். அன்னைக்குத்தான் வேலைக்குச் சேந்தேன்."