குரல் போனவள் எழுதிய கடிதம்

என் கரகரப்பைக் கேட்டு முகம் சுளிக்காதீர்கள் சகோதரிகளே. இந்தக் கரகரப்பைப் பற்றித்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

என் பெயர் ரோஸ்லின். காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவள். என் சத்தத்துக்குப் படகுக்காரர்களே பயப்படுவார்கள். அஞ்சல் வழியில் இறையியலும் படித்தேன். ஒரு மீன்பிடித் தடைக்காலத்தில், படகுகள் கரையில் கிடந்தபோது, பதினொரு பெண்களை வீட்டில் சேர்த்து அப்போஸ்தலர் சபைகளுக்கு எழுதிய கடிதங்களான நிருபங்களைப் பாடம் நடத்த ஆரம்பித்தேன். எங்கள் சபையில் புது வருடத்துக்கு ஆளுக்கொரு சீட்டு எடுப்போம், சீட்டுக்கு ஒரு வசனம். அதுவரை நிருபத்தோடு எங்களுக்கிருந்த உறவு அவ்வளவுதான். யாராவது கடிதத்தில் ஒரு வரியை மட்டும் கிள்ளிப் படிப்பார்களா? நாங்கள் முழுதாக, உரக்கப் படித்தோம்.

போன வருடம் ஏப்ரலில் கழுத்தில் கட்டி வந்தது. ஆபரேஷன் முடிந்து வாயைத் திறந்தால் வெறும் காற்று. கட்டி குரல் நரம்போடு ஒட்டியிருந்ததாம், எடுக்கும்போது நரம்பு அடிபட்டுவிட்டதாம். குரல் வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். ஏலக்காரிக்குக் குரல் இல்லையென்றால் என்ன இருக்கிறது?

எங்கள் சபை மூப்பர் ஆப்பிளோடு பார்க்க வந்தார். கூடவே ஒரு சீட்டு. சபையில் பெண்கள் பேசக்கூடாது என்கிற வசனம்.

"போதிச்ச இல்ல? ஆண்டவர் வாயைக் கட்டிட்டார் பாத்தியாம்மா" என்றார்.

அவர் போனபின் அழுதேன். அப்புறம் வந்தது பாருங்கள் கோபம்! "ஆண்டவரே, நீரா கட்டினீர்? இல்லையென்றால் குரலைத் தாரும், அவர் முன்னால் பேசுகிறேன்" என்று மனதுக்குள் சண்டை போட்டே ஜெபித்தேன். ஒரு மாதம் ஆயிற்று. ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை, பதினொரு பேரில் ஒருத்தியான பக்கத்து வீட்டு செல்வி வந்து நின்றாள். "இன்னாக்கா, கிளாஸ் அவ்ளோதானா? கடுதாசி பாதில நின்னுகினு கீது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்போஸ்தலரும் நேரில் போக முடியாமல்தானே எழுதினார்! சிறையிலிருந்துகூட எழுதினார். இன்றைக்கும் சபை அந்தக் கடிதங்கள் மேல்தான் நிற்கிறது. அன்றே ஒரு நோட்டில் பாடத்தை எழுதினேன், எங்கள் பேச்சிலேயே. செல்வி எழுந்து படித்தாள். அடுத்த வாரம் இன்னொருத்தி. ரோமாபுரிச் சபைக்குப் போன கடிதத்தைச் சுமந்துபோனவள் ஒரு பெண், துறைமுக ஊர்க்காரி என்று அறிஞர்கள் சொல்வதையும் எழுதினேன்.

"ஹார்பர்காரியா? நம்ம ஆளுக்கா!" என்று கத்தினாள் செல்வி.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கண் கலங்கியது. நான் ஒரு குரல் கேட்டேன், ஆண்டவர் பதினொன்று கொடுத்திருந்தார்.

டிசம்பரில் ஒரு காலை, ஏலத்தில் சும்மா நின்றவள் என்னையறியாமல் "வஞ்சிரம்!" என்று கூவினேன். துருப்பிடித்த ஷட்டரைத் தூக்குகிற மாதிரி ஒரு சத்தம். ஆனால் என் சத்தம்! மீன் கூடைகளுக்கு நடுவே முழங்கால் போட்டேன்.

பெண்கள் ஞாயிறு வந்தது. வருடத்தில் அந்த ஒரு நாள் சபையில் வேத வாசிப்பு பெண்கள் முறை. மூப்பர் தந்த சீட்டின் வசனம் எந்தக் கடிதத்தில் இருக்கிறதோ, அந்தக் கடிதத்தையே கையில் எடுத்தேன். முதல் வரியிலிருந்து நானும் பதினொரு பேரும் மாறி மாறிப் படித்தோம். ஒரு மணி நேரத்துக்கு மேல். பெண்கள் சபையில் ஜெபிப்பதைப் பற்றி அதே கடிதத்தில் முன்னாலேயே எழுதியிருக்கிறது. அவர் சீட்டில் அது இல்லை. அந்த இடம் வந்ததும் மூப்பர் தலை குனிந்தார். அவருடைய வசனத்தையும் நான் விடவில்லை. அதை நானே படித்தேன், இந்தக் கரகரப்பில், சபை நடுவில்.

உங்கள் வாயை அடைக்க யாராவது சீட்டு நீட்டினால் பயப்படாதீர்கள். முழுக் கடிதத்தையும் கேளுங்கள். ஆண்டவரிடம் சண்டை போடுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். வியாழக்கிழமை நாலு மணிக்கு எங்கள் வீடு திறந்திருக்கும். வாருங்கள், உரக்கப் படிப்போம்.