இல்லாத கம்பி

இல்போ கார்னா கடல் உறையும் வடதேசத்து ஊலு நகரத்தில் ஃபோன் கம்பெனி ஒன்றில் ரேடியோ சிப்புகளுக்கு நிரல் எழுதிக்கொண்டிருந்தவர். கம்பெனி அந்தப் பிரிவையே மூடியபோது அவருக்கு ஐம்பது தாண்டியிருந்தது. அப்புறம் லிஃப்ட் செய்யும் இடத்தில் வேலை கிடைத்தது. லிஃப்டுகள்மேல் அவருக்கு விருப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை. சாயங்காலம் வீடு திரும்பி, சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு, பலர் சேர்ந்து இலவசமாக எழுதும் லினக்ஸ் இயங்குதளத்தின் வேலைக்கு உட்கார்ந்துவிடுவார். அதற்குச் சம்பளம் கிடையாது.

"மத்த வீட்டுல ஆம்பளைங்க குடிக்கிறாங்க. இவர் கமா திருத்துறார்" என்பார் அவர் மனைவி ரைலி. நகரப் பேருந்து ஓட்டுபவர்.

கமா மட்டும் இல்லை. எந்தச் சிப் எங்கே இருக்கிறது, எந்தக் கம்பியில் மின்சாரம் வருகிறது என்று லினக்ஸுக்குச் சொல்ல ஒவ்வொரு மின்சுற்று போர்டுக்கும் ஒரு விவரக் கோப்பு இருக்கும். சாதன மரம் என்பார்கள். அதில் எதை எழுதலாம், எதை எழுதியே ஆகவேண்டும் என்பதற்குச் சிப் வாரியாக விதிக்கோப்புகள் உண்டு. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் சரிபார்க்கும் நிரல் எச்சரிக்கையாகக் கொட்டும். வைஃபை சிப்புகளின் விதிகளில் அந்தக் கூச்சல் அதிகம். இல்போ ஒவ்வொன்றாக அடக்கிக்கொண்டு வந்தார்.

ஒரு பழைய வீட்டு ரவுட்டர் மட்டும் அடங்கவில்லை. அதன் வைஃபை சிப்புக்கு இரண்டு மின்கம்பிகள் கட்டாயம் என்றது விதி. போர்டின் கோப்பிலோ ஒன்றுதான் இருந்தது. பிரேசில்காரர் ஒருவர், இரண்டாவதாக ஒரு கம்பியை எழுதிச் சேர்த்துவிட்டால் எச்சரிக்கை போய்விடும் என்று திருத்தம் அனுப்பினார். 'போர்டில் இல்லாத கம்பியை எப்படி எழுதுவது? விதிதான் தவறு' என்று இல்போ லினக்ஸ்காரர்களின் மின்னஞ்சல் மடற்குழுவில் பதில் போட்டார். போட்ட பிறகுதான் விதியை எழுதியவர் பெயரைப் பார்த்தார். டைஸ்தோ ஹௌதலா.

இல்போவும் டைஸ்தோவும் பல வருஷம் ஒரே அறையில் வேலை பார்த்தவர்கள். டைஸ்தோ குழுத் தலைவர். பிரிவை மூடப்போகும் சேதி அவருக்கு முன்கூட்டியே தெரியும். தெரிந்துகொண்டே ஒரு மார்ச் ஞாயிற்றுக்கிழமை இல்போவுடன் உறைந்த கடல்மேல் உட்கார்ந்து பகல் முழுக்க மீன் பிடித்தார். வாயே திறக்கவில்லை. மறுநாள் இல்போவுக்கு வேலை போனது. டைஸ்தோ வேறொரு சிப் கம்பெனிக்குப் போய்விட்டார். அதன்பின் சந்தைக் கூடத்தில் எதிர்ப்பட்டால் ஒருவர் மீன்கடைப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

இப்போது பேச வேண்டியதாயிற்று, அதுவும் உலகமே படிக்கும் மடற்குழுவில், ஆங்கிலத்தில். 'அந்தச் சிப்பில் இரண்டாவது கம்பிக்கென்று கால் இருக்கிறது' என்றார் டைஸ்தோ. 'பழைய வகையில் அது வெறும் கால், எதோடும் சேராது' என்றார் இல்போ. 'ஆதாரம்?' என்றார் டைஸ்தோ. பழைய சாமான் சந்தையில் அதே ரவுட்டரை இல்போ தேடிப் பிடித்து வாங்கி, சூடான காற்றை ஊதிச் சிப்பின் தகர மூடியைக் கழற்றினார். மடற்குழு படங்களை ஏற்காது. 'போர்டை நேரில் பார்த்தால் நல்லது' என்று டைஸ்தோ எழுதினார்.

ரைலி எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டார். "பாலம் தாண்டினா அவன் வீடு. உங்க ரெண்டு பேர் பேச்சும் ஊர் உலகமெல்லாம் சுத்திட்டு வருது. எந்திரி, போ."

சனிக்கிழமை காலை இல்போ போர்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு சைக்கிளில் போனார். டைஸ்தோ கதவைத் திறந்தார்.

"வா."

"வந்துட்டேன்."

கராஜில் நுண்ணோக்கி இருந்தது. டைஸ்தோ வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"காலுக்கு அடியில செம்புக் கோடே ஓடலையே."

"அதத்தானே சொன்னேன்."

"விதி தப்பு. நான் புதுச் சிப்ப மட்டும் வச்சு எழுதிட்டேன்."

"விதிக்கோப்பு மேலயே உன் பேர்தான் இருக்கே."

டைஸ்தோ காபி ஊற்றினார். இருவரும் நின்றபடியே குடித்தார்கள்.

"அன்னிக்கு ஐஸ் மேல..." என்று ஆரம்பித்தார் டைஸ்தோ. "எனக்கு எல்லாம் தெரியும். வாயத் தொறந்தா என் வேலையும் போயிருக்கும்."

"உனக்குத் தெரியும்னு எனக்கு அன்னிக்கே பட்டுச்சு. தூண்டில்ல புழு இல்லாமயே மதியம் வரைக்கும் உக்காந்திருந்தே."

"அப்ப ஏன் கேக்கல?"

"நீ சொல்லுவேன்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

டைஸ்தோ கோப்பையைப் பார்த்தார். "சொல்லியிருக்கணும்" என்றார்.

"ஆமா" என்றார் இல்போ.

போர்டை மறுபடி துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு சைக்கிளில் கிளம்பினார்.

பழைய வகைச் சிப்புக்கு இரண்டாவது கம்பி கட்டாயமில்லை என்று இல்போ விதியைத் திருத்தி அனுப்பினார். டைஸ்தோ 'போர்டைப் பார்த்தேன், சரி' என்று தன் பெயரைச் சேர்த்தார். திருத்தம் ஏற்கப்பட்டது. பிரேசில்காரர் தன்னுடையதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

சில நாள் கழித்து இல்போ அனுப்பிய வேறொரு திருத்தத்தில், சிப்புகளின் பெயர்கள் அகர வரிசையில் இல்லை என்று டைஸ்தோ குற்றம் சொல்லியிருந்தார்.

"மறுபடியும் ஆரம்பிச்சாச்சா?" என்றார் ரைலி, பேருந்துச் சீருடையை மாட்டிக்கொண்டே.

இல்போ திரையை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார்.

"சரியாத்தான் சொல்றான்" என்று சொல்லிவிட்டு வரிசையை மாற்ற உட்கார்ந்தார்.