மறதி மரத்தைத் திருப்பிச் சுற்றியவள்

பவளத்துக்குப் பதினைந்து வயதானபோது, கோயிலுக்குப் போகலாம் என்று சொல்லித்தான் தாய்மாமன் மாதேஸ்வரன் அவளைத் தேன்கனிக்கோட்டையில் பஸ் ஏற்றினார். இறங்கியது ஈரோட்டுப் பக்கம் ஒரு நூற்பாலை வாசலில். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவர் திரும்பவில்லை. மூன்று வருடம் அவளை அந்தக் கேட்டைத் தாண்ட விடவில்லை. பஞ்சுத் தூசியில் இருமி இருமித் துவண்டபோதும் விடவில்லை.

வெளியே வந்ததும் ஓசூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். மத்திகிரியில் வாடகைக்கு வீடு பிடித்து அம்மா சரோஜம்மாளைக் கூட்டிவந்தாள். மாமன் செத்தபோது போகவில்லை.

போன வருடம் உடன் வேலை செய்யும் சௌமியா அவளை ஞாயிற்றுக்கிழமை நடன வகுப்புக்கு இழுத்துப் போனாள். சொல்லிக்கொடுத்த அஃபி, ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டுக்காரர்; பெங்களூரிலிருந்து வருவார். அவர் பேசுவதைச் சௌமியா தமிழில் சொல்வாள். அடிமைகளாக விற்கப்பட்டவர்களைக் கப்பலேற்றும் முன் ஒரு மரத்தைச் சுற்ற வைப்பார்களாம், ஊரும் பேரும் மறந்து போகட்டும் என்று. அஃபியின் ஆட்டம் அதைத் திருப்பிச் சுற்றுவது. முதுகை வளைத்து, குதிகாலால் தரையை அறைந்து சுற்றும்போது, அவரவர் மறக்க நினைத்ததைச் சொல்ல வேண்டும்.

"பிடித்துக் கொடுத்தவர்களில் எங்கள் ஆட்களும் உண்டு. அதையும் ஆட வேண்டும்" என்றார் அஃபி.

ஓசூரில் ஒரு மண்டபத்தில் நிகழ்ச்சி நடந்தது. பவளம் மாமன் பேரைச் சொல்லிச் சுற்றினாள். முன்வரிசையில் இருந்த அம்மா பாதியில் எழுந்து போனாள்.

வீட்டுக்கு வந்தால் அம்மா அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். ஏன் எழுந்து போனாய் என்று கேட்டாள் பவளம்.

"மாமன் பேர இனிமே மேடையில சொல்லாத. கோயிலுன்னு சொல்லிக் கூட்டிப் போகச் சொன்னது நான்தான். நெசத்தச் சொன்னா நீ போயிருக்க மாட்ட." அந்த வருடம் யானை ராகிக் கொல்லையை மிதித்துவிட்டது, வேறு வழி தெரியவில்லை என்றும் சொன்னாள்.

"மில்லுல இருந்து நான் அழுதப்பல்லாம் போன்ல என்கூடச் சேந்து அவரத் திட்டுனியேம்மா."

அம்மா அடுத்த அவரைக்காயை எடுத்து உரித்தாள்.

பவளம் அவளை வீட்டை விட்டுப் போகச் சொல்லவில்லை. மாத்திரை வாங்கித் தந்தாள், துணி துவைத்தாள். பேச்சு மட்டும் அற்றுப்போனது.

கிருஷ்ணகிரியில் மறுபடி ஆடினார்கள். மாமன் பேர் வரும் இடத்தில் அம்மா பேரைச் சொல்வதென்றே பவளம் போயிருந்தாள். வாய் வரவில்லை. காலை மட்டும் அறைந்து, பேசாமல் சுற்றி முடித்தாள்.

வீட்டில் அம்மா தட்டு வைத்து, இன்றைக்கு யார் பேரைச் சொன்னாய் என்று கேட்டாள். யார் பேரையும் சொல்லவில்லை, வெளியிலேயே சாப்பிட்டாயிற்று என்றாள் பவளம். அவள் சாப்பிட்டிருக்கவில்லை.