முதல் குடம்

1. குழாயைச் சுடுதல்

வேலையில் சேர்ந்த முதல் நாள் எனக்குக் கற்றுத் தந்தது, குழாயைச் சுடுவது. நான் வேதியியலில் பட்டம் வாங்கியவன். பட்டத்துக்கேற்ற வேலை கிடைத்துவிட்டது என்று சுள்ளிக்கல்லில் எங்கள் வீட்டில் பாயசம் வைத்திருந்தார்கள். அன்று காலை நான் மட்டாஞ்சேரியில் ஒரு தெருக்குழாயின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைக் கொளுத்தி அதன் வாயில் பிடித்துக்கொண்டிருந்தேன்.

குடிநீர் ஸாம்பிள் எடுக்க ஒரு முறை இருக்கிறது. குழாயை முழுதாகத் திறந்து மூன்று நிமிடம் ஓடவிட வேண்டும். மூடி, வாயைத் துடைத்து, நெருப்பில் சுட வேண்டும். மறுபடி திறந்து கொஞ்சம் ஓடவிட வேண்டும். அதன்பிறகே நீராவியில் சுத்தம் செய்த பாட்டிலைத் திறந்து, கழுத்தில் விரல் படாமல் பிடிக்க வேண்டும். ஐஸ் பெட்டியில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். குழாய் வாயில் ஒட்டிய அழுக்கு முடிவில் கலக்கக் கூடாது. மெயின் பைப்பில் வரும் தண்ணீர் எப்படி என்பது மட்டுமே கேள்வி.

எங்கள் கெமிஸ்ட் கோசி சார் இதைச் செய்து காட்டினார். அவருக்குத் தமிழ் நன்றாக வரும். அதை மலையாளத்தில் பேசுவார். "எடோ, மூணு நிமிஷம்னா மூணு நிமிஷம். வாட்ச் பாத்து விடணும். மேனுவல்ல உள்ளது வேதவாக்கியமாக்கும்" என்றார்.

நான் வாட்ச் பார்த்தேன். எழுபதுகளின் நடுவிலிருந்து எண்பதுகள் முடியும்வரை பார்த்தேன். இந்த வேலைக்குப் புதிதாக வரும் இளைஞர்களுக்காக இதை எழுதுகிறேன். முறையில் நான் ஒருநாளும் பிழை விட்டதில்லை. அப்படியிருந்தும் நடந்ததைச் சொல்லப் போகிறேன்.

2. நபீசா இத்தாவின் சட்டம்

சேர்ந்து சில வருடங்களில், மசாலாக் கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த ஒரு சந்து என் பட்டியலில் வந்தது. முப்பது வீடுகளுக்கு மேல் இருக்கும், குழாய் ஒன்று. தண்ணீர் காலை ஆறு மணிக்கு வரும், ஒன்பதுக்கு நிற்கும். ஆய்வகம் ஒன்பதரைக்குத் திறக்கும் என்பதால் நான் எட்டு மணிக்குச் சைக்கிளில் போய்ச் சேர்வேன்.

அந்தக் குழாயை ஆண்டவர் நபீசா இத்தா. விதவை, காலையில் பத்திரி என்னும் அரிசி ரொட்டி சுட்டு விற்பவர். அவர் குரலுக்குக் குடங்கள் தாமாகவே வரிசையில் நின்றதுபோல் இருக்கும். என்னைப் பார்த்ததும் ஆரம்பித்துவிடுவார். சார் என்பது அவர் வாயில் சாறு ஆகிவிடும்.

"தோ வந்நு, குழாய்க்குச் சூடு வெக்கிற சாறு! ஸர்க்கார் சம்பளம் தந்து குழாயைச் சுடுது. எண்ட அடுப்பு ஒண்ணு பத்த வெச்சுத் தா சாறே, ஒரு சாயா தராம்."

"சும்மா நில்லுங்க இத்தா. தண்ணி வீணாப் போறதேன்னு திட்டாம இருந்தா சரி."

"திட்டும். மூணு நிமிஷத்துல எத்ர குடம் நிறையும்னு நினைச்சு?"

நான் ஓடவிடும் தண்ணீரை ஒருநாளும் வீணாக்க விடமாட்டார். அதன்கீழ் யாராவது பாத்திரம் கழுவுவார்கள்.

அந்தச் சந்தில் ஒரு வழக்கம் இருந்தது. கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு முதல் குடம். எத்தனை பேர் இருட்டோடு வந்து நின்றாலும், குழாய் கொஞ்ச நேரம் காற்றை ஊதி, கலங்கல் தண்ணீரைத் துப்பி, தெளிந்ததும் முதலில் குழந்தைக்காரிதான் குடத்தை வைப்பாள். தொட்டிலில் குழந்தையை விட்டுவிட்டு வந்தவளைக் காக்க வைக்கக் கூடாது. "குஞ்ஞு உள்ள வீட்டுக்கு முதல் வெள்ளம். அது இவிடத்தெ சட்டம்" என்பார் இத்தா. எங்கள் அலுவலகச் சட்டங்கள் எதிலும் அவ்வளவு இரக்கம் இல்லை. வீட்டில் போய் இதை மெச்சிச் சொல்லியிருக்கிறேன்.

3. செண்பகத்தின் கேள்வி

தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் அந்தச் சந்தில் இருந்தது. கணவன் கிடங்கில் மூட்டை சுமப்பவன். மனைவி செண்பகம். ஒன்றரை வயதில் பேச்சி என்று ஒரு பெண் குழந்தை. குழந்தை இடுப்பிலிருந்து என் ஐஸ் பெட்டியையே பார்த்துக்கொண்டிருக்கும். ஒருமுறை ஒரு சின்ன ஐஸ் துண்டை அதன் கையில் வைத்தேன். அது உருகிப் போனதும் காலிக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நான் எடுத்துக்கொண்டேன் என்று அழுதது.

நான் தமிழ் பேசுகிறேன் என்று தெரிந்ததிலிருந்து செண்பகம் என்னை அண்ணாச்சி என்றாள். ஒருநாள் கேட்டாள்: "அண்ணாச்சி, பிள்ளைக்கு அடிக்கடி வயித்தால போவுது. இது மூணாவது தடவ. தண்ணியக் காச்சிக் குடுன்னு ஆஸ்பத்திரியில சொல்லுதாங்க. மரத்தூள் அடுப்பு, மழையில தூள் நனைஞ்சு போச்சுன்னா ஒரே புகை. பிள்ளை இருமிக்கிட்டே கெடக்கா. இந்தத் தண்ணியில எதும் கெடுதல் இருக்கா? நீங்கதான பாக்குதீங்க?"

என் பையில் போன மாதத்து ரிப்போர்ட் இருந்தது. அதை எடுத்து விரித்துக் காட்டினேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது. எனக்குத் தெரியும் என்பதை அவளுக்குக் காட்ட வேண்டியிருந்ததுபோல.

"இந்தா பாரும்மா. 'திருப்திகரம்'. ஒரு வருஷமா இதே ரிசல்ட்தான். குளோரின் போட்டு வர்ற தண்ணி. காய்ச்சணும்னு அவசியமே இல்ல. பால் பாட்டில் கழுவறதுலதான் கோளாறு இருக்கும், அதப் பாரு."

"அப்ப காச்ச வேண்டாமா?"

"தைரியமாக் குடு."

அவள் முகம் தெளிந்தது. "நீங்க சொன்னாச் சரிதான் அண்ணாச்சி" என்று சொல்லிப் போனாள்.

டாக்டர் சொன்னதை மாற்றிச் சொல்ல எனக்கு எந்த விதியும் அதிகாரம் தரவில்லை. எல்லா விதியும் தெரிந்த எனக்கு அது ஒன்று மட்டும் அன்று நினைவுக்கு வரவில்லை. எங்கள் துறையின் தண்ணீரைக் காய்ச்சச் சொன்னது எனக்குக் கொஞ்சம் அவமானமாகப் பட்டது, அவ்வளவுதான்.

4. கர்க்கடகம்

ஆடி மாதத்தை அங்கே கர்க்கடகம் என்பார்கள். மழையும் கடலேற்றமும் சேர்ந்தால் மட்டாஞ்சேரியில் தெரு எது, கானை என்று அவர்கள் சொல்லும் சாக்கடை எது என்று தெரியாது. அந்த மழையில் ஒருநாள் எட்டு மணிக்குப் போனேன். இத்தா என்னைக் கேலி செய்யவில்லை. மூன்று நிமிடம் ஓடவிட்டேன். பஞ்சைக் கொளுத்தினேன்.

"சாறே, நம்மட பேச்சிக்குட்டி போயி" என்றார் இத்தா.

வயிற்றுப்போக்கு நிற்காமல், இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, குழந்தை போய்விட்டது. செண்பகமும் கணவனும் ஊருக்குப் போயிருந்தார்கள்.

இத்தா தலையில் போட்டிருந்த தட்டத்தின் முனையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "பாவம் செண்பகம். நான் ஒரு குறையும் வெச்சில்ல சாறே. தினமும் அவளுக்குத்தான் முதல் குடம் கொடுத்து. ஒரு நாளும் அவளை நிக்க வெச்சிட்டில்ல."

பஞ்சு விரல்வரை எரிந்து வந்தது. கையைச் சுட்ட பிறகுதான் கீழே போட்டேன்.

நான் சோதித்தது எட்டு மணித் தண்ணீரை. அதற்கு முன் அது இரண்டு மணி நேரம் ஓடியிருக்கும். அதிலும் மூன்று நிமிடத்தைத் தரையில் விட்டுவிட்டு மிச்சத்தைப் பிடிப்பேன். பேச்சி குடித்தது ஆறு மணித் தண்ணீர். அதை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

5. ஆறு மணி

மறுநாள் ஆறு மணிக்கு முன்னால் போய் நின்றேன். கடலேற்ற நேரம். கானை விளிம்புவரை நிறைந்திருந்தது. சந்துக்கு வரும் பைப் அந்தக் கானைக்குள் இறங்கித்தான் குறுக்கே கடந்தது. எட்டு மணிக்கு நான் பார்த்த பல நாட்களில் நீர் வடிந்து பைப் வெளியே தெரியும். இப்போது அது முழுக்க மூழ்கியிருந்தது. தண்ணீரை நிறுத்தியதும் பைப்புக்குள் இருப்பது தாழ்ந்த பக்கம் இறங்கும். இறங்கும்போது பழைய பைப்பின் வெடிப்பு வழியாக வெளியே இருப்பதை உறிஞ்சிக்கொள்ளும். முந்தின நாள் ஒன்பது மணியிலிருந்து அது உறிஞ்சிக்கொண்டிருந்தது. பாடப்புத்தகத்தில் இதைப் படம் போட்டு விளக்கியிருப்பார்கள். அந்தப் படத்தை வரைந்துதான் நான் தேர்வில் மதிப்பெண் வாங்கினேன்.

குழாய் ஊதியது. கலங்கலைத் துப்பியது. தெளிந்தது. இப்போது முதல் குடம் ஓர் இரட்டைக் குழந்தைக்காரியுடையது. நிறைந்த குடத்திலிருந்து ஒரு கண்ணாடிக் குழலில் எடுத்து, குளோரின் பார்க்கும் மருந்தைச் சொட்டினேன். குளோரின் இருந்தால் மஞ்சள் நிறம் வர வேண்டும். வரவில்லை.

"இந்தக் குடம் எனக்கு வேணும்" என்றேன்.

"முழுக் குடமுமா? குளிக்கானோ?" என்று யாரோ கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

பாட்டிலில் பிடித்துக்கொண்டு மீதியைக் கானையில் கொட்டினேன். இரட்டைக் குழந்தைக்காரியிடம், "தண்ணியைக் காய்ச்சிக் குடுங்க" என்றேன்.

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "காய்ச்சண்டான்னு சாறுதானே சொன்னது? செண்பகம் எல்லார்கிட்டயும் சொல்லியல்லோ."

என் சொல் வீடுவீடாகப் போயிருந்தது.

இரண்டு நாள் கழித்து, கிருமி வளரும் சூட்டில் அந்தத் தண்ணீரை வைத்திருந்த இன்குபேட்டரைத் திறந்தேன். ஊதா நிறத்தில் வைத்த டெஸ்ட் ட்யூப்கள் எல்லாம் மஞ்சளாகி, உள்ளே வாயு நின்றது. மனிதக் கழிவு கலந்த தண்ணீர் அப்படித்தான் காட்டும். வர வேண்டிய மஞ்சள் வரவில்லை. வரக் கூடாத மஞ்சள் வந்தது.

6. ரிமார்க்ஸ்

கோசி சார் ட்யூப்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"எத்ர நிமிஷம் ஓட விட்டு?"

"விடல சார். குடத்துல இருந்து எடுத்தேன்."

"எடோ! அப்ப இது ஸாம்பிள் அல்ல."

"சார், ஒரு குழந்தை செத்துப் போச்சு."

"எனிக்கும் ரெண்டு பிள்ளை உண்டு." ட்யூபைக் கீழே வைத்தார். "நீ சொல்றது சத்தியம். நான் சம்மதிச்சு. ஆனா ரிஜிஸ்டர்ல எவிடெ எழுதும்? முதல் வெள்ளத்துக்குக் கட்டம் இல்லல்லோ."

ரிமார்க்ஸ் என்றொரு கட்டம் இருந்தது. அதில் நான் எப்போதும் 'இல்லை' என்று எழுதி வந்தவன். அன்று எழுதினேன்: பைப் சாக்கடையில் மூழ்கியிருக்கிறது, வெடிப்பு உண்டு, காலை முதல் தண்ணீரில் கழிவு கலக்கிறது, உடனே மாற்ற வேண்டும். கோசி சார் கையெழுத்துப் போட்டார். அதற்கும் தைரியம் வேண்டும். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

ஃபைல் மேலே போய்ச் சிவப்பு மையோடு திரும்பியது: 'விதிமுறைப்படி மறு ஸாம்பிள் எடுத்து அனுப்பவும்.' விதிமுறைப்படி எடுத்தேன். மூன்று நிமிடம். திருப்திகரம். ஃபைலை மூடினார்கள். நான் மறுபடி எழுதினேன், மறுபடி திரும்பியது. நான்கைந்து வருடம் கழித்து அந்தப் பைப்பை மாற்றினார்கள். ஒரு பெரிய மனிதரின் கார் போக ரோட்டை உயர்த்தினார்கள். தோண்டியபோது பைப் பிய்ந்து கையோடு வந்துவிட்டது.

இளைஞர்களே, பாட்டிலைத் திறக்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: இன்று முதல் குடம் யார் வீட்டுக்குப் போனது? அந்த வீட்டுக்குப் போய்ப் பானையிலிருந்து இன்னொரு ஸாம்பிள் எடுங்கள். அது மேனுவலில் இருக்காது. ரிமார்க்ஸில் எழுதுங்கள். திரும்பி வரும். மறுபடி எழுதுங்கள்.

7. சட்டத் திருத்தம்

ஃபைல் திரும்பி வரும்வரை குழந்தைகள் தண்ணீர் குடிக்காமல் இருக்க மாட்டார்கள். இத்தாவின் சட்டத்தை மாற்ற வேண்டும். எப்படிச் சொல்வது? "நீங்கள் இரக்கப்பட்டுக் கொடுத்த குடம்தான்" என்று அந்த மனுஷியிடம் சொல்ல என்னால் முடியவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு போய் ஆபீஸ் உத்தரவுபோல விரித்துப் பிடித்தேன்.

"இத்தா, புது ஆர்டர் வந்திருக்கு. இப்ப முதல் தண்ணியில மருந்து கூடுதலாப் போடறாங்க. குழந்தைகளுக்கு ஆகாது. முதல் இருபது குடம் தரை கழுவ, துணி அலச. குழந்தை வீட்டுக்கு அதுக்கப்புறம்தான். அதையும் காய்ச்சித்தான் குடுக்கணும்."

மருந்து துளியும் இல்லாத தண்ணீரைப் பற்றி அப்படிச் சொன்னேன். என் உத்தியோகத்தில் நான் போட்ட ஒரே பொய் ஆர்டர் அது. வந்த ஆர்டர்களிலேயே உடனே நிறைவேறியதும் அதுதான்.

"ஸர்க்கார் சொன்னாச் சரி" என்றார் இத்தா. "ஆனா குஞ்ஞு உள்ளவளை நிக்க வெக்கான் பற்றில்ல. அவளோட குடத்தை நான் நோக்கிக்கொள்ளாம், அவ வீட்டுக்குப் போகட்டும்." அன்று முதல் குழந்தைக்காரிகளின் குடங்கள் இருபத்தொன்றாவது இடத்தில், இத்தாவின் காலடியில் காத்திருந்தன.

அடுத்த வருடம் செண்பகம் ஊரிலிருந்து திரும்பி வந்தாள். இடுப்பில் ஒரு கைக்குழந்தை, பையன். எட்டு மணிக்கு நான் பஞ்சை நனைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, முதத் தண்ணி பிள்ளைக்கு ஆகாதுன்னு இத்தா சொல்லுதாங்க. மருந்து கூடுதலாமே."

"ஆமாம்மா."

"எப்ப இருந்து?"

வாட்சைப் பார்த்தேன். "போன வருஷம். நீங்க ஊருக்குப் போனதுக்கு அப்புறம்" என்றேன்.

பையன் ஐஸ் பெட்டியை எட்டிப் பிடிக்கப் பார்த்தான். அவன் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"அப்ப பேச்சி குடிச்சது நல்ல தண்ணிதான்."

"நல்ல தண்ணிதான்" என்றேன்.

ரிஜிஸ்டரைப் புரட்டினால் இன்றும் அப்படித்தான் இருக்கும். கீழே என் கையெழுத்து.