உப்பிய பேட்டரி

தம்பி ஆபீஸ் வேலையாக ஒரு வருடம் வெளிநாடு போனபோது, அவனுடைய கையடக்க வீடியோ கேமை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். முதல் சம்பளத்தில் வாங்கியது. "பத்திரமா வெச்சுக்கோண்ணா. நோண்டிடாத" என்றான். நான் ஒன்பதாவதோடு நின்றவன். அவன் படிக்கட்டும் என்றுதான் நின்றேன். அதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை; இதோ, இப்போது காட்டிவிட்டேன்.

நான் தண்ணீர் லாரி ஓட்டுகிறேன். லாரியை எடுக்காமல் போட்டுவைத்தால் பேட்டரி இறங்கிச் செத்துவிடும். அந்தப் பயத்தில் கேமைச் சார்ஜரில் மாட்டியே வைத்திருந்தேன், வருடம் முழுக்க. மழை தூறினால் எங்கள் முடிச்சூரில் கரண்ட் போய்விடுமே என்று பயந்து, சார்ஜர் விளக்கு எரிகிறதா என்று போய்ப் போய்ப் பார்ப்பேன்.

தம்பி திரும்பப் பத்து நாள் இருக்கும்போது துடைக்க எடுத்தேன். பின்மூடி உப்பித் தூக்கிக்கொண்டு நின்றது. சேலையூர் கேம்ப் ரோட்டில் செல்போன் ரிப்பேர் கடைக்காரர் அதைக் கையில் வாங்கவே இல்லை. குத்துப்பட்டால் தீப்பிடிக்கும் என்றார். நான் லாரிக் கணக்கைச் சொன்னதும் சிரித்தார். "லாரி பட்டினியில சாவும்ணா. இது துன்னுக்கினே இருந்தா சாவும்."

புது பேட்டரியை ஆன்லைனில் வரவழைத்தேன். மாற்றும் வீடியோவை எத்தனை தடவை பார்த்தேனோ தெரியாது. ஒருநாள் காலை மொட்டைமாடியில் ஒரு சட்டி மணலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கழற்றிய ஒவ்வொரு ஸ்க்ரூவையும் காலண்டர் தாளில் டேப் போட்டு ஒட்டி, அது இருந்த இடத்தைப் பக்கத்திலேயே எழுதினேன். பேட்டரியை ஒட்டியிருந்த பசையைத் தையல் நூலை விட்டு மயிரிழை மயிரிழையாக அறுத்தேன். அன்றைக்கு இரண்டு நடை தண்ணீர் போகவில்லை, முதலாளியிடம் திட்டு. ஆனால் பொத்தானை அழுத்தியதும் படம் வந்தது.

தம்பி வந்தான். வாங்கிய உடனே திருப்பி, மூடியின் ஓரத்தில் நகத்தை ஓட்டினான்.

"தொறந்தியா?"

அவன் முகம் போன போக்கைப் பார்த்து, பேட்டரி போய்விட்டது, கடையில் கொடுத்து மாற்றினேன் என்று சொல்லிவிட்டேன்.

"நல்ல வேளை. நீயே கை வெச்சிருந்தா அவ்ளோதான்" என்றான். கடைக்காரன் ஒரு கீறல் இல்லாமல் செய்திருக்கிறான் பார் என்று தன் மனைவியிடம் காட்டினான்.

போன வாரம், மேடவாக்கத்தில் அவன் குடியிருக்கும் அடுக்குமாடிக்குக் கீழேதான் தண்ணீர் இறக்கிக்கொண்டிருந்தேன். அவனிடமிருந்தே போன் வந்தது. ஆபீஸ் நண்பனுக்கும் பேட்டரி மாற்ற வேண்டுமாம். அந்தக் கடைக்காரர் நம்பர் வேண்டும் என்றான்.

"கடைய மூடிட்டாருடா" என்றேன்.

"ச்சே. கைத்திறமை உள்ள ஆளு" என்றான்.

ஆமாம் என்று சொல்லி, குழாயைச் சுருட்டப் போனேன்.